இரண்டு இருமல்

சுவர் இல்லாத வீட்டிலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார் கதவுக்காரர். கூரையைப் பிரித்திருப்பார்கள். பக்கத்துச் சுவரை இடித்துத் தள்ளியிருப்பார்கள். நிலையும் கதவும் மட்டும் தனியாக நிற்கும். பக்கவாட்டில் தாராளமாக நடந்து போகலாம். அவர் கதவுக்கு முன்னால் நின்று நடுவிரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டுவார். மேலே, நடுவில், அடியில். அடியில் சத்தம் மந்தமாக வந்தால் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. முகத்தில் எதையும் காட்டாமல், "வயசான கதவுங்க" என்பார். பேரம் அங்கே தொடங்கும்.

இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நிலை, கம்பி வாங்கி விற்பது அவர் தொழில். பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தின் கடைசியில் தகரக் கொட்டகை. கதவுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருக்கும். ஜன்னல் சட்டங்கள் கம்பியில் தொங்கும். கீல்களுக்கு ஒரு பெட்டி, கைப்பிடிகளுக்கு ஒரு தகர டப்பா. கொட்டகையின் பின்பகுதியில் ஒரு முக்காலி. அதில் அவர் மனைவி உட்கார்ந்து, பழைய பெயிண்டைச் சுரண்டுவாள்; கீல்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள். தலைக்குத் துணி கட்டியிருப்பாள். முகத்துக்குக் கட்டமாட்டாள். "வாயைக் கட்டிக்கிட்டா நான் செத்துருவேன்" என்பாள். அவள் பேச்சு அப்படி.

ஆனால் விலை பேசும்போது அவள் வாய் திறப்பதில்லை. இருமுவாள்.

வருகிறவர் ஒரு விலை சொன்னதும் கதவுக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார். பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தால் கொடுத்துவிடலாம். இரண்டு வந்தால் வேண்டாம். மூன்றுக்கு அர்த்தம் கிடையாது. தேவைப்பட்டதில்லை.

இது பேசிவைத்துத் தொடங்கியதல்ல. கல்யாணமான வருடம் ஒருவர் ஒரு ஜோடிக் கதவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத் தொண்டையில் தூசி போய் இருமினாள், இரண்டு தடவை. புது மனைவி ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்துக் கதவுக்காரர் "கட்டாதுங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர் விலையைக் கூட்டினார். அன்று சாயங்காலம், "எப்படி உனக்குத் தெரிஞ்சுது, அவன் ஏறி வருவான்னு?" என்று கேட்டார். தூசி என்று அவள் சொல்லவில்லை. "முகத்தைப் பார்த்தா தெரியாதா" என்றாள். உண்மையைச் சொன்னது மகள் பிறந்த பிறகு. அதற்குள் இருமல் தொழிலாகிவிட்டது.

நியாயமான விலை என்றால் என்ன என்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வாங்குகிறவனும் விற்கிறவனும், இரண்டு பேருமே கொஞ்சம் முகம் சுளிக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் சிரித்துக்கொண்டே போனால் இன்னொருத்தன் ஏமாந்திருக்கிறான். இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். வாங்கிப்போகிறவர்களின் முகத்தைச் சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

முப்பது வருடம் வாடகை வண்டியில்தான் கதவு ஏற்றினார்கள். இடிக்கிறவன் காலையில் போன் செய்து, "மத்தியானத்துக்குள்ள எடுத்துக்கோங்க, இல்லன்னா விறகுக்குப் போயிடும்" என்பான். வண்டிக்காரன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல நிலைகள் சில விறகாகப் போயின. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊர் போன பிறகு, சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிடலாம் என்று முடிவானது. சின்ன வண்டியில் எட்டடிக் கதவு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரியது சந்துக்குள் திரும்பாது. நடுத்தர வண்டிதான் சரி. இந்த அளவை அவள் சந்தின் திருப்பத்தில் டேப் பிடித்து எடுத்து, ஒரு ஜன்னல் சட்டத்தின் பின்புறம் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள்.

முதலில் பக்கத்து ஊர் ஷோரூமுக்குப் போனார்கள். வாங்குவதற்கல்ல, விலை எழுதி வாங்கி வருவதற்கு. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து எழுபதாயிரம். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுவாரம் உள்ளூர் ஷோரூமுக்குப் போனார்கள். மாதக் கடைசி. மாதக் கடைசியில் விற்கிறவனுக்கு அவசரம் இருக்கும் என்பது அவள் கணக்கு.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஜில்லென்று இருந்தது. வெள்ளை வண்டி ஒன்று விளக்குக்கு அடியில் நின்றது. டை கட்டிய விற்பனையாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், முன்னந்தலையில் முடி இல்லை. அவர் சிரித்த உடனேயே அவள் கணவன் காதில், "டைக்காரன் பழம் தின்னு கொட்டை போட்டவன். ஜாக்கிரதை" என்றாள்.

கதவுக்காரர் வண்டியின் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். மேலே, நடுவில், அடியில்.

"சார், இது இரும்பு" என்றார் விற்பனையாளர்.

"தெரியுது. பழக்கம்."

அவள் டேப்பை எடுத்துத் தொட்டியை அளந்தாள். நீளம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முன்கதவைத் திறந்து படியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரமா? இதுல மனுஷங்க எப்படி ஏறுறது?" என்றாள். குறை சொல்லாமல் எதையும் வாங்கக் கூடாது. சொல்லிவிட்டு ஒரே தாவில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

மேசைக்கு வந்தார்கள். விற்பனையாளர் எழுதிக் காட்டியது ஒன்பது லட்சத்து எண்பதாயிரம்.

"இது என்ன, கையாளும் கட்டணம்?" அவள் விரலை வைத்துக் கேட்டாள்.

"வண்டியைக் குடோன்லேர்ந்து கொண்டுவந்து, கழுவி, துடைச்சு…"

"நான் தினமும் பத்துக் கதவு கழுவுறேன். எவனும் எனக்குக் கட்டணம் தர்றதில்ல."

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே அதை அடித்தார். கால் மிதியடி இலவசம் என்றார். கதவுக்காரர் மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார், பிரிக்காமல். எதிரில் இருப்பவன்தான் பிரிக்க வேண்டும். விற்பனையாளர் பிரித்துப் பார்த்துவிட்டு, "மேனேஜரைக் கேக்கணும் சார்" என்று கண்ணாடி அறைக்குள் போனார். அறைக்குள் மேனேஜர் தலையை இடமும் வலமும் ஆட்டுவது தெரிந்தது. திரும்பி வந்தவர், "பதினஞ்சாயிரம் குறைக்கலாம். அதுக்கு மேல என் வேலை போயிடும் சார்" என்றார்.

கதவுக்காரர் தாடையைத் தடவினார். வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து இரண்டு இருமல் வந்தது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டுவரச் சொல்லட்டா?" என்றார் விற்பனையாளர்.

கதவுக்காரர் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்துவிட்டது.

"ஆமாங்க. நெஞ்சுல கோளாறு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையறோம். அதுக்குத்தான் சொந்தமா ஒரு வண்டி இருக்கட்டும்னு."

அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடி இருமினாள். இந்தத் தடவை இன்னும் ஆழத்திலிருந்து. விற்பனையாளர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து மறுபடியும் கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே பேச்சு நீண்டது. மேனேஜர் தலையை ஆட்டினார், கையை விரித்தார், கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முப்பதாயிரம் குறைச்சுக்கலாம்னு சொல்லிட்டார். அம்மாவுக்காக."

ஒரு இருமல்.

"எழுதுங்க" என்றார் கதவுக்காரர்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நெஞ்சுல கோளாறா? வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"பல்லுல கோளாறுன்னா எவன் குறைப்பான்?"

"முப்பதாயிரம். ரெண்டே இருமல்." கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பு அடங்கியது. "ஆனா ஒண்ணு பாத்தீங்களா? டைக்காரன் கையெழுத்து வாங்கும்போது முகம் சுளிக்கவே இல்ல. இன்னும் ஒரு பத்து குறைச்சிருக்கலாம்."

வண்டி வந்தது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையை எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் வந்தது. முதல் லோடு, இடிக்கப்பட்ட ஒரு பழைய வங்கியின் முன்வாசல் இரட்டைக் கதவு. எட்டடி உயரம், கை அகலத்துக்குப் பித்தளைப் பூண். தொட்டிக்குள் படுத்துக்கொண்டது, ஒரு விரல் இடம் மிச்சம் வைத்து. அவள் முன்னால் உட்கார்ந்து, வழி முழுக்க ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, வண்டியின் வெளிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

அந்த வங்கிக் கதவைச் சுரண்ட அவளுக்கு ஒன்றரை மாதமானது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பூச்சு. பச்சை, அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் இன்னொரு பச்சை. கொட்டகைக்குள் வெயில் விழும் இடமெல்லாம் தூசி மிதந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை மகள் போன் செய்தாள். கதவுக்காரர் வெளியே வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா ஏன் இருமிக்கிட்டே இருக்காங்க? எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"ஆள் வந்திருக்கும். விலை பேசுறா."

போனை வைத்துவிட்டு, வந்தவரைப் பார்க்க உள்ளே போனார். கொட்டகையில் யாருமில்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் வந்தது?"

"யாரும் வரலையே" என்றாள்.

அவர் கீல் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். கீல் பெட்டியைத் தேடியது நினைவிருக்கிறது. அவள் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில்லை.

வங்கிக் கதவுக்கு ஆள் வந்தது அதற்குப் பிறகு. வீடு கட்டுகிற பெரிய மனிதர். கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பத்தைந்தாயிரத்துக்குப் போனால் போதும் என்று கணவனும் மனைவியும் நினைத்திருந்தார்கள். வந்தவர் எடுத்த எடுப்பிலேயே அறுபது என்றார். கதவுக்காரர் தாடையைத் தடவினார். பின்னாலிருந்து இரண்டு இருமல்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அந்த இருமல் அவரைக் கைவிட்டதில்லை. "கட்டாதுங்க" என்றார்.

"அறுபத்தஞ்சு. கடைசி."

மறுபடியும் இரண்டு.

"இல்லைங்க."

வந்தவர் முகம் சிவந்து, சந்து திரும்பும்வரை வேகமாக நடந்தார். கூப்பிடுவார்களா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் சட்டங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அறுபத்தஞ்சு சொன்னாரே. உங்களுக்கு என்ன, புத்தி கெட்டுப்போச்சா?"

"நீதானே இருமின? ரெண்டு தரம். ரெண்டு தரமும் ரெண்டு."

"அது இருமல்ங்க" என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். "சரி, இனிமே சாவியை முக்காலியில தட்டுறேன். ஒரு தட்டு, ரெண்டு தட்டு. இருமினா கண்டுக்காதீங்க." கண்டுக்காதீங்க என்று அவளே சொன்னாள். அவரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்றரை மாதம் ஏழு பூச்சு சுரண்டிய தூசி, தானே போய்விடும் என்றிருந்தார். இப்படியே இன்னும் நான்கு மாதம் போனது. ஒருநாள் கீல் பெட்டியைத் தூக்கப்போனவள் பாதியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வண்டியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் படியில் ஒரு காலை வைத்தாள். மற்றக் கால் எழவில்லை. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அவர் கொட்டகைக்குள் போய் ஒரு நிலையின் அடிக்கட்டையைக் கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டார். அதில் ஏறி, படியில் ஏறி, உட்கார்ந்தாள். "உயரம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு, "எவ்வளவு நாளா இருமல்?" என்று கேட்டார்.

கதவுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "முப்பது வருஷமா இருமுறாங்க, இப்பதான் கூட்டிட்டு வர்றீங்களா?"

நுரையீரல் இரண்டும் சுருங்கி இறுகிவிட்டன என்றார் டாக்டர். வருடக்கணக்கான தூசி. போன பகுதி போனதுதான்; மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆறேழு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் மிச்சம் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கும். படுக்கையில் சேர்த்தார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் மகள் வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கதவுக்காரருக்கு வெளி வராந்தாவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறேழு மாதத்தைப் பின்னால் எண்ணிக்கொண்டே போனார். வங்கிக் கதவு, மகளின் போன், முதல் லோடு. எண்ணிக்கை போய் நின்ற இடம் ஷோரூம். நெஞ்சில் கோளாறு என்று அவர் வாய்தான் சொன்னது. அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆளில்லாத வீடுகளில் கதவு கழற்றப் போகிறவனுக்கு அப்படிப்பட்ட நம்பிக்கைகள் இருந்தால் பிழைக்க முடியாது. ஆனாலும் ஒரு விலை அங்கே பேசப்பட்டிருக்கிறது. அவள் நெஞ்சை வைத்து முப்பதாயிரம் வாங்கியிருக்கிறார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், விலையாகக் கொடுத்ததும் திரும்பி வரலாம். அவர் அறிந்த ஒரே வழி அது.

ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து முப்பதாயிரத்தைப் பிரித்து ஓர் உறையில் போட்டார். மகளிடம் வண்டியை சர்வீஸுக்கு விடுவதாகச் சொன்னார்.

ஷோரூமில் அதே விளக்குக்கு அடியில் வேறு வண்டி நின்றது. விற்பனையாளருக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

"வாங்க சார். வண்டி எப்படி ஓடுது? அம்மா வரலையா?"

கதவுக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். உறையை எடுத்து மேசையில் வைத்தார், பிரிக்காமல்.

"முப்பதாயிரம் இருக்கு. வண்டிக்கு முழு விலையும் வாங்கிக்குங்க."

விற்பனையாளர் உறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "புரியலைங்க."

"அன்னைக்குப் பொய் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த இருமல் எங்க தொழில் இருமல். இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. நெஞ்சுலதான். பொய் சொல்லிக் குறைச்சது எனக்கு வேண்டாம். எடுத்துக்குங்க."

"சார், வித்த வண்டிக்கு மேல பணம் வாங்க வழியே இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமே கிடையாது."

"இடம் பண்ணுங்க."

"மிதியடி, தொட்டிக்கு மேல் மூடி, ஏதாவது வாங்கிக்குங்க. அந்தப் பணத்துக்கு பில் போடுறேன்."

"பொருள் வேண்டாம். பொருள் வாங்கினா திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகாது."

"பாதியாவது எடுத்துக்கிட்டுப் போங்க சார். ஆஸ்பத்திரிக்கு வேணுமே."

கதவுக்காரர் தாடையைத் தடவினார். தடவியபடியே வலப்பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். அந்த நாற்காலியில் விளம்பரத் தாள்கள் அடுக்கியிருந்தன.

"முழுசும்தான்" என்றார்.

விற்பனையாளர் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே மேனேஜர் தலையை ஆட்டவில்லை. எழுந்து நின்று கண்ணாடி வழியாகக் கதவுக்காரரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். விற்பனையாளர் திரும்பி வந்து நாற்காலியை மேசைக்கு அந்தப் பக்கமாக இல்லாமல் கதவுக்காரர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். வெளியே சொல்லாதீங்க. அது போன வருஷத்து வண்டி. அந்த மாசம் அதுக்கு நாற்பத்தஞ்சாயிரம் வரைக்கும் குறைக்கலாம்னு கம்பெனியே எழுதி அனுப்பியிருந்தது. யார் வந்து கேட்டாலும். இருமினாலும் சரி, இருமலைன்னாலும் சரி. நான் முப்பதோட நிறுத்திட்டேன்."

"மேனேஜர்தான் ரெண்டு தரம் தலையை ஆட்டினாரே?"

"அது எங்க தொழில் சார். நான் உள்ள போயி, மத்தியானம் சாப்பாடு எங்கன்னு கேப்பேன். அவர் தலையை ஆட்டுவார்."

கதவுக்காரர் இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர்.

"மிச்சம் பதினஞ்சு?"

"கம்பெனிக்கு. எனக்கு அந்த மாசம் போனஸ் வந்தது." விற்பனையாளர் கழுத்து டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார்."

"நல்லாத்தான் பேசினீங்க" என்றார் கதவுக்காரர். பிறகு கேட்டார்: "அப்போ, அவ இருமினதுக்குன்னு ஒண்ணும் குறையலையா?"

"இல்லைங்க. ஒண்ணும் குறையல."

"ஒரு பைசா?"

"ஒரு பைசாகூட."

திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை என்றாகிவிட்டது. பாரம் இறங்கியது போல் இருக்கும் என்று நினைத்தார். உறையைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் வைத்தபோது அது வரும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் அறிந்த அந்த ஒரே வழியின் கதவும் மூடிவிட்டது, தட்டிப் பார்க்க மரம்கூட இல்லை. விற்பனையாளர் வாசல்வரை வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார்.

வார்டுக்குப் போனபோது நாலு மணி. மகள் சாப்பிடப் போயிருந்தாள். ஜன்னல் பக்கத்துப் படுக்கை. ஒரு நர்ஸ் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவருடைய மனைவி தலையணையில் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சை எடுத்துக்கொண்டு பேசினாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டார்… அவரையே கேளு… நான் பொய்யா சொல்றேன்?"

"என்ன?" என்றார்.

நர்ஸ் சிரித்தாள். "அம்மா ஷோரூம்ல உக்காந்து ரெண்டே தடவை இருமினாங்களாம். வண்டி விலையில முப்பதாயிரம் குறைஞ்சுதாம். நான் நம்பலைன்னு சொன்னேன்ங்க ஐயா. நிஜமாவா?"

மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரத்தின்போது, கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கிற அதே பார்வை.

"நிஜம்தாம்மா" என்றார் கதவுக்காரர். "நான் பதினஞ்சுக்கே ஒத்துக்கிட்டு எழுந்திருப்பேன். இவ இல்லன்னா அதுக்கு மேல ஒரு பைசா கூடக் குறைஞ்சிருக்காது."

"பாத்தியா?" என்றாள் அவள்.

நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போனாள். கதவுக்காரர் இரும்பு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் உறை துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஆனா இன்னும் பத்து… குறைச்சிருக்கலாம்ங்க" என்றாள் அவள். "டைக்காரன்… முகம் சுளிக்கவே இல்லையே."

"இன்னைக்கு சர்வீஸுக்கு விடப்போனேன். அவனைப் பாத்தேன்."

"எப்படியிருக்கான்?"

"இன்னும் சுளிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு தொண்டைக்கு வந்து இருமலானது. ஒன்று. இரண்டு. அவர் அவள் முதுகில் கையை வைத்தார். மூன்று. நான்கு. அதற்குப் பிறகு அவருக்கு எண்ணத் தெரியவில்லை.